ஊரே இருட்டாக இருந்தால் கம்பியில் கரண்ட் இருக்காதா?

கேள்வி: என் தம்பி மின்கம்ப வேலைக்கு ஒப்பந்தத்தில் போகிறார். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதுமே மேஸ்திரியிடமிருந்து அழைப்பு வந்துவிடும். “ஊரே இருட்டாகக் கிடக்கிறது, கம்பியில் ஏது கரண்ட்?” என்கிறார் தம்பி. நான் பயப்படுவது வீணா? – வாசகி, மண்டபம்.

பதில்: வீண் இல்லை, சகோதரி. துணை மின் நிலையத்தில் நிறுத்தினால் ஒரு வழிதான் அடைபடும். மறுபக்கம் ஊர் இருக்கிறதே! மண்டபத்தில் ஐஸ் கம்பெனி, ராமேசுவரத்தில் தங்கும் விடுதி, தொண்டிப் பக்கம் இறால் பண்ணை என்று எங்கும் மின்சாரம் போன சில நிமிடங்களில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிடும். இடையில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே கட்டடத்தோடு இணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாகவே தெருக் கம்பிக்குப் போய்விடும். மின்மாற்றி இரண்டு பக்கமும் வேலை செய்யும். இந்தப் பக்கம் 400 வோல்ட் ஏறினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட் நிற்கும். எங்கோ ஒரு கம்பத்தில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? 2018 கஜா புயலில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து, வெளிமாவட்ட ஆட்கள் வந்து வேலை பார்த்தார்கள். எந்தக் கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

“சேஞ்ச் ஓவரெல்லாம் வீண் செலவு அண்ணே, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் போதும்” என்று சொல்லி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த ஒயரை விற்பவரும் வாங்குபவரும் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறார்கள். புயல் காலத்துக்கு முன் வீடுவீடாகப் பார்க்க வேண்டியவர்கள் துண்டறிக்கை அச்சடிப்பதோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள்.

கூரையில் சோலார் உள்ள வீடுகளைப் பற்றியும் பலர் பயமுறுத்துவார்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார், வெளியே மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நல்ல வெயிலிலும் அந்த வீடு இருட்டாகத்தான் இருக்கும். பேட்டரி வைத்தது வேறு. அது வீட்டுக்கு மட்டும் கொடுத்து, வெளித்தொடர்பைத் தானே துண்டித்துக்கொள்ளும். ஆனால், அந்தத் துண்டிப்பைத் தாண்டி யாராவது குறுக்கே ஒயர் இழுத்திருந்தால் அதுவும் ஜெனரேட்டர் கதைதான். ஆகவே பேனலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கைவேலை பார்த்தவர் யார் என்று கேளுங்கள்.

தம்பி ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்: எர்த் ராடு, அதாவது மின்கம்பியை மண்ணோடு இணைக்கும் கொக்கிக் கழி, மாட்டாத கம்பி உயிருள்ள கம்பி. முதலில் மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் ராடின் கிளாம்பை இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் ராடை மேலே உயர்த்தி ஒவ்வொரு கம்பியாகக் கொக்கி போட வேண்டும். கழற்றும்போது தலைகீழாக, மண் இணைப்பு கடைசியில். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். நியூட்ரலையும் தெருவிளக்குக் கம்பியையும் விடக் கூடாது. “ராடு ஆபீஸில் இருக்கிறது” என்று மேஸ்திரி சொன்னால், அது வந்து சேரும்வரை கீழேயே நிற்கலாம்.

லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்திவிட்டோம், வேலை செய்யலாம் என்ற அனுமதி, யார் பெயரில் வாங்கியது என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரே லைனில் இரண்டு குழு இருக்கும்போது ஒன்று வேலை முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்டால், மற்ற குழு மேலே இருக்கையிலேயே மின்சாரம் வந்துவிடும். குழுவுக்கு ஒரு லைன் கிளியர் வேண்டும்.

கடலோரக் கம்பம் வேறு ஆபத்து. உப்புக் காற்றில் சிமென்ட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வெடித்திருக்கும். ஏறுமுன் அடியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பனை விழுந்து விறைத்து நிற்கும் கம்பியை வெட்டினால் கம்பமே எதிர்ப்பக்கம் சாயலாம்.

அதிகாரம் பெற்றவர்தான் மின்கம்பியில் வேலை செய்யலாம் என்பது விதி. பள்ளம் தோண்ட எடுத்த ஆளை, புயல் வந்ததும் மேலே ஏற்றுகிறார்கள். வருகைப் பதிவில் பெயர்கூட இருக்காது. கேட்டால் ‘அவசரம்’ என்பார்கள். அவசரம் என்றால் முன்கூட்டியே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டாமா?

புறப்படுமுன் அன்றைய பதிவேட்டில் தம்பியின் பெயரும், கையில் ஈ.எஸ்.ஐ. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்து என்று வந்தால் ‘சமாதானமாக முடித்துக்கொள்ளலாம்’ என்று தாளோடு ஒருவர் வீட்டுக்கே வருவார். கையெழுத்துப் போடாதீர்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே ஒப்பந்ததாரரோடு வேலை கொடுத்த நிறுவனத்துக்கும் பொறுப்பு இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. உயிரிழப்புக்கான தொகையை அதற்கான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.