குஷாதாசியில் ஆறு மணி நேரம்: கப்பலை விடக் கம்பளக் கடைக்குப் பயப்படுங்கள்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மே மாதம் ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். ஒரு நாள் துருக்கியின் குஷாதாசியில் காலை 7 மணிக்குக் கப்பல் நின்று பகல் 1 மணிக்குக் கிளம்புகிறது. மறுபடி கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறது. எபேசு பட்டணத்து இடிபாடுகளையும், இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாக நம்பப்படும் மாதா வீட்டையும் பார்க்க வேண்டுமென்பது மனைவியின் நெடுநாள் ஆசை. அவருக்கு மூட்டுவலி உண்டு. கப்பலில் விற்கும் டூர் விலை அதிகமாக இருக்கிறது. எங்கள் ஏஜென்ட், ஆளுக்கு 30 யூரோவில் நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்கிறார். வெளி ஆளோடு போய்த் தாமதமானால் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விடுமா? ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும்.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போய்விடும். தானே விற்ற டூரில் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் ஏற்பாடு செய்து போனவர்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே செலவு செய்து போய்ச் சேர வேண்டும்.

ஆனால் குஷாதாசியில் அப்படி நடப்பது அபூர்வம். ரோம் நகருக்கென்று கப்பல் நிற்கும் சிவித்தாவெக்கியா துறைமுகம் ரோமிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு ரயில் தவறினாலே நெஞ்சு படபடக்கும். குஷாதாசியிலிருந்து எபேசு 20 கிலோமீட்டருக்குள்தான், வண்டியில் அரை மணி நேரம். மே மாதத்தில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரக் குழப்பமும் இல்லை. எனவே வெளி ஏற்பாட்டில் தாராளமாகப் போகலாம். அந்த 30 யூரோ ஏற்பாட்டில் மட்டும் போகாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எபேசு இடிபாடுகளுக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே 2024-ல் ஆளுக்கு 40 யூரோ. வண்டி, டீசல், வழிகாட்டியின் ஊதியம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். 30 யூரோவுக்கு இத்தனையும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று உங்களை உள்ளே கூட்டிப்போகப் போவதில்லை, அல்லது மீதிப் பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அந்த வேறு யாரோ பெரும்பாலும் கம்பளக் கடைக்காரர்.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். இடிபாடுகளைப் பார்த்து முடித்ததும், சில சமயம் பார்ப்பதற்கு முன்பே, வண்டி ஒரு பெரிய கட்டடத்தின் முன் நிற்கும். கிராமப் பெண்களின் கூட்டுறவு, நெசவுப் பள்ளி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுத்துக் காட்டுவார்கள். ஆப்பிள் தேநீர் வரும். பிறகு ஆட்கள் வரிசையாக வந்து கம்பளங்களை விரித்துக்கொண்டே போவார்கள். நெசவு உண்மையிலேயே அழகானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கட்டமாக உங்கள் இருவரை மட்டும் தனியறைக்கு அழைத்துப் போய் விலை பேசுவார்கள். வழிகாட்டி வெளியே உட்கார்ந்திருப்பார், விற்பனையில் அவருக்கும் டூர் கம்பெனிக்கும் கமிஷன் உண்டு. நீங்கள் எதுவும் வாங்காமல் எழுந்து வந்தாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் போயிருக்கும். கையில் இருப்பதே ஆறு மணி நேரம். தோல் ஜாக்கெட் கடை என்றால் ஃபேஷன் ஷோவே நடத்துவார்கள்.

கப்பல் விற்கும் டூரிலும் இது உண்டு என்பதுதான் எனக்கு ஆற்றாமை. விவரக் குறிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் ‘கம்பள நெசவு செய்முறை விளக்கம்’ என்று ஒரு வரி இருக்கும். அதிகப் பணம் கொடுத்து, நாற்பது பேரோடு பேருந்தில் போய், அதே கடையில் அதே தேநீர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்த மண்ணை மிதிக்கப் போகிறவர்களின் ஒரு மணி நேரத்தைக் கடைக்காரருக்கு விற்கிறார்கள். கப்பல் கம்பெனிகளும் இதை ஒழிப்பதில்லை, நம்மூர் ஏஜென்ட்டுகளும் கேள்வி கேட்பதில்லை. ‘ஷோர் எக்ஸ்கர்ஷன் இன்க்ளூடட்’ (கரையில் சுற்றிக்காட்டுவதும் சேர்த்து) என்று ஒற்றை வரி அடித்துக் கொடுத்துப் பணம் வாங்கிவிடுகிறார்கள். அது ‘பனோரமிக் டூர்’ ஆக இருந்தால் பேருந்து ஜன்னலோடு சரி, உள்ளே போகவே முடியாது.

ஆகவே யாரிடம் பதிவு செய்தாலும் இவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: வழியில் எந்தக் கடையிலும் நிறுத்த மாட்டோம், இடிபாடுகளுக்கான நுழைவுச்சீட்டு அடக்கம், மேல் வாசலில் இறக்கிக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்வோம், பகல் 12 மணிக்கு முன் துறைமுகத்தில் விட்டுவிடுவோம். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். துருக்கியில் பயண நிறுவனம் நடத்த, அந்நாட்டுப் பயண நிறுவனங்களின் சங்கமான ‘துர்சாப்’பில் உறுப்பினராக இருப்பது சட்டப்படி கட்டாயம், அந்த உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். வழிகாட்டிக்கும் அரசு உரிமம் வேண்டும், படம் போட்ட அட்டை கழுத்தில் தொங்கும். ஓட்டுநரே ‘நான் எல்லாம் சொல்கிறேன்’ என்றால் அவர் வழிகாட்டி அல்ல. உங்களைப் போல் இன்னொரு தம்பதியைச் சேர்த்துக்கொண்டு நான்கு பேராகத் தனி வண்டி எடுத்தால் தலைக்கு விழும் செலவு குறையும்.

அன்றைய நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குள் கிளம்பி முதலில் மாதா வீடு. மலைமேல் இருக்கும் சிறிய கல் ஆலயம். போப்பாண்டவர்களான ஆறாம் பவுல் 1967-லும், இரண்டாம் யோவான் பவுல் 1979-லும் வந்து போன இடம். பெரிய பேருந்துகள் ஏறி வருவதற்கு முன் போனால் உங்கள் மனைவி அமைதியாக ஜெபிக்கலாம். ஒன்பது மணிவாக்கில் எபேசுவின் மேல் வாசல். அங்கிருந்து கீழ் வாசல் வரை முழுக்க இறக்கம். மூட்டுவலிக்காரர்கள் கீழ் வாசலில் தொடங்கி மேலே ஏறவே கூடாது. பாதையில் பதித்த பளிங்குக்கல் வழவழவென்று தேய்ந்திருக்கும். பிடிமானமுள்ள செருப்பும் ஊன்றுகோலும் அவசியம், நிழல் மிகக் குறைவு. மாடவீடுகள் என்று, மலைச்சரிவில் அடுக்கடுக்காக உள்ள பழைய வீடுகளுக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏறும் பகுதி அற்புதமானது, ஆனால் படிகள் அதிகம். அதை விட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் நேரத்தை செல்சஸ் நூலகத்தின் முன் செலவிடுங்கள். செல்சஸ் என்ற ரோமானிய ஆளுநரைப் புதைத்த இடத்தின் மேல் அவர் மகன் எழுப்பிய நூலகம் அது. விழுந்து கிடந்த முகப்பை ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970-களில் கல் கல்லாக எடுத்து நிறுத்தினார்கள். அதைத் தாண்டினால் சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம். தியானாள் என்ற தேவதையைப் புகழ்ந்து ‘எபேசியருடைய தியானாளே பெரியவள்’ என்று கூட்டம் கத்தியதாக பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வாசித்திருப்பீர்களே, அந்த அரங்கம்தான். அதன் எதிரே நீளும் துறைமுக வீதி இப்போது வெறும் புல்வெளியில் போய் முடிகிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது, கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. பட்டணம் செத்ததற்கு அது முக்கியக் காரணம். இதை நிற்க வைத்து விளக்கும் வழிகாட்டிக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

வாசலருகே ‘பழங்கால நாணயம்’ என்று கையில் திணிப்பார்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் துருக்கியை விட்டுக் கொண்டுபோவதே குற்றம். தொடாதீர்கள்.

விசா விஷயம் கொஞ்சம் நீளமானது, ஆனால் ஏஜென்ட்டுகள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது ஷெங்கன் பகுதிக்குள் ஒருமுறை நுழைகிறீர்கள். குஷாதாசிக்குப் போனதும் அதிலிருந்து வெளியேறி விடுகிறீர்கள், சில மணி நேரமே என்றாலும் கணக்கு அதுதான். கப்பல் திரும்பக் கிரேக்கத் தீவுக்குப் போகும்போது அது இரண்டாவது நுழைவு. விசாவில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால் பிரேயஸிலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம். 02 என்றோ, பலமுறை நுழையலாம் என்று பொருள்படும் ‘மல்ட்’ என்றோ இருக்க வேண்டும். கிரேக்கத் தீவுகளை மட்டும் சுற்றும் கப்பலுக்கு ஒருமுறை நுழைவு போதும், அந்த வழக்கத்தில் ஏஜென்ட் உங்களுக்கும் ஒன்று என்று நிரப்பிவிடக்கூடும். படிவத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள். குஷாதாசி பெயர் தெளிவாகத் தெரியும் கப்பல் பயணத் திட்டத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். துருக்கிக்குள் சில மணி நேரம் இறங்க இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் பதில் வாங்குங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே விசாவில் அந்த எண்ணைப் பாருங்கள், திருத்தம் கேட்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.