வாசகர் கேள்வி – பதில்: எதிரே ஒரு கதிரை

கேள்வி: அமெரிக்கப் பழமைவாத விமர்சகர்களில் வில்லியம் பக்லியை இன்றும் பெரிதாகப் பேசுகிறார்கள். கறுப்பினத்தவரின் வாக்குரிமையை மறுத்து எழுதிய ஒருவரை எப்படி மதிப்பது?
– வாசகர், உவர்மலை

பதில்: அதை மறைத்துவிட்டு மதிக்கவே கூடாது. 1955இல் அவர் தொடங்கிய 'நேஷனல் ரிவியூ' இதழ் 1957இல் ஒரு தலையங்கம் எழுதியது. தென் மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையாக உள்ள இடங்களிலும் அவர்கள் கையே ஓங்கியிருக்க வேண்டும், ஏனெனில் இப்போதைக்கு முன்னேறிய இனம் அவர்களே என்பதுதான் அதன் வாதம். வாதத்தின் அடித்தளமே அழுகல். 1965 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினை எதிர்த்துப் பேசி, 544க்கு 164 என்ற வாக்குகளில் பக்லி தோற்றார். கறுப்பினத்தவரின் உரிமைக்காக மத்திய அரசு தலையிட்டே ஆகவேண்டியிருந்தது, தான் எண்ணியது பிழை என்று அவர் ஒப்புக்கொண்டது 2004இல். வாக்குரிமைச் சட்டம் வந்து அப்போது 39 ஆண்டுகள்!

ஆனாலும் அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 1966 முதல் 1999 வரை அவர் நடத்திய 'ஃபயரிங் லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எதிரே ஒரு கதிரை இருந்தது. 1969இல் அதில் அமர்ந்து வியட்நாம் போர் பற்றி அவரோடு வாதாடியவர் அந்தப் போரை எதிர்த்த மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி. சொந்த அணியையும் பக்லி விட்டுவைக்கவில்லை. ஜனாதிபதி ஐசன்ஹோவரையே கம்யூனிஸ்ட் கையாள் என்ற தீவிரப் பழமைவாதத் தலைவர் ரொபர்ட் வெல்ச்சை 1962இல் தன் இதழிலேயே கண்டித்தார்.

கேள்வி: அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிக்கான 'நியாயக் கோட்பாடு' நீக்கப்பட்டதால்தான் ஒருபக்கப் பேச்சு பெருகியது என்கிறார்களே?
– வாசகி, மூதூர்

பதில்: பாதி உண்மை. சர்ச்சையான பொது விடயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற அந்த 1949ஆம் ஆண்டு விதியை 1987இல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்போவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலித்தது. தினம் மூன்று மணி நேரம், பெரும்பாலும் அவர் குரல் மட்டும். எதிரணி இல்லாத பட்டிமன்றம். ஆனால் இசை ஏற்கெனவே எஃப்.எம். பக்கம் போய்விட்டதால், ஏ.எம். நிலையங்களுக்கு நேரத்தை நிரப்ப மலிவான பேச்சு தேவைப்பட்டது. 1996இல் தொடங்கிய பழமைவாதச் செய்தி அலைவரிசை ஃபொக்ஸ் நியூஸ் கேபிள் வழி வருவது; விதியோ வான்வழி ஒலிபரப்பும் ஒளிபரப்பும் செய்யும் நிலையங்களுக்கு மட்டுமே. அந்த விதி நீடித்திருந்தாலும் அதைக் கட்டியிராது.

கேள்வி: பாடசாலை விவாத அணிக்காகப் படிக்கிறேன். கைப்பேசியில் வரும் இரண்டு நிமிடத் துண்டுகளை எப்படி எடைபோடுவது?
– உயர்தர மாணவி, நிலாவெளி

பதில்: முதலில் முழு ஒளிப்பதிவைத் தேடுங்கள். பேசுபவர் சொல்வதை ஒரே வரியில் எழுதி, அது சரிபார்க்கக்கூடிய தகவலா, வெறும் அபிப்பிராயமா என்று பிரியுங்கள். இரண்டையும் கலக்கும் இடத்தில்தான் சறுக்கும். 2020 தேர்தலில் டொமினியன் நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, 2023 ஏப்ரலில் ஃபொக்ஸ் 78.75 கோடி டொலர் கொடுத்து வழக்கை முடித்தது. நிகழ்ச்சி நடத்தியவர்களில் சிலரே அதை நம்பவில்லை என்பது அவர்களுடைய சொந்தக் குறுஞ்செய்திகளில் வெளிவந்தது.

பயிற்சிக்கு அந்தக் கேம்பிரிட்ஜ் விவாதமே போதும், யூடியூபில் இருக்கிறது. ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பிறகு தாளை இரண்டாகக் கோடிட்டு, போல்ட்வினின் வாதங்களை இடப்பக்கம் எழுதுங்கள். பக்லி பேசும்போது நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர் நேரடியாகப் பதில் சொன்னவற்றை மட்டும் வலப்பக்கம் குறியுங்கள். வலப்பக்கத்தில் எங்கெங்கே வெற்றிடம் விழுகிறது என்பதை உங்கள் அணியோடு இருந்து பேசுங்கள்.