ஐபிஎஸ்சி (நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டியில் 'பவர் ஃபேக்டர்' என்பது என்ன? அது ஏன் இருக்கிறது?

தோட்டாவின் உந்தத்தைக் காட்டும் எண் அது. குண்டின் எடையை (கிரெயின் என்ற சிறிய எடை அலகில்) அதன் வேகத்தால் (வினாடிக்கு இத்தனை அடி) பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் பறந்தால் 130.2. இந்த எண்ணை வைத்துத்தான் மைனர் (பலம் குறைந்தது), மேஜர் (பலம் கூடியது) என்று பிரிக்கிறார்கள். மைனருக்கு 125 போதும். துப்பாக்கி வகைப்படி அமைந்த போட்டிப் பிரிவுகளில் ஒன்றான ஸ்டாண்டர்ட் பிரிவில் மேஜருக்கு 170 வேண்டும்.

ஒரே வேகத்தில் வரும் டென்னிஸ் பந்தையும் கிரிக்கெட் பந்தையும் பிடித்துப் பாருங்கள், கனமானது கையை அதிகம் தள்ளும். மேஜர் தோட்டாவும் துப்பாக்கியை அப்படித்தான் உதைக்கும். அடுத்த குண்டுக்குக் குறி திரும்பச் சற்று நேரமாகும். அதற்கு ஈடாகத்தான் இலக்கு அட்டையில் மையத்தை விட்டு விலகிய சி, டி பகுதிகளில் மேஜருக்கு 4, 2 புள்ளிகள்; மைனருக்கு 3, 1. மையத்திலுள்ள ஏ பகுதியில் இருவருக்கும் 5.

தோட்டா வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பிவிடாதீர்கள். போட்டியில் உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு அளப்பார்கள். குட்டைக் குழலில் வேகம் குறையும். தசமத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, 124.9 வந்தால் மைனரும் இல்லை, புள்ளியும் இல்லை. 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

பலமான தோட்டா எங்கும் கூடுதல் புள்ளி தரும் என்று பலர் நினைக்கிறார்கள். புரொடக்‌ஷன் பிரிவில் எதைச் சுட்டாலும் மைனர் கணக்குத்தான்.