ஆட்டம் மாறினால் ஆள் ஏன் குறைகிறது?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் 14 பேர். சென்னை, கோவை, துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஜி.டி.ஏ. 5 கேமை ரசிகர்களே சர்வர் வைத்து நடத்த உதவும் ஃபைவ்எம் மென்பொருளில், ஒருவருடைய சர்வரில் இரண்டு வருடம் தமிழில் ஆர்.பி. (ரோல்பிளே, ஆளுக்கொரு வேடம் போட்டு நடிப்பது) செய்தோம். நான் வக்கீல், மற்றவர்கள் போலீஸ், மெக்கானிக், ஆம்புலன்ஸ். ஒருநாள் சர்வர் ஓனர் மூடிவிட்டுப் போய்விட்டார். அதே கதையை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமுக்குக் கொண்டுபோனோம். ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தவர்களில் நான்கு பேர் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இன்னொரு ஆன்லைன் கேம் பக்கம் போனார்கள். இப்போது இரண்டும் அரைகுறை. சனிக்கிழமை ஆனால் டிஸ்கார்ட் அரட்டையில் "இன்னிக்கு எங்க?" என்று கேட்டே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. எல்லா கேமிலும் ஒரே கேரக்டர், ஒரே கதை என்று வைத்து இரண்டையும் சேர்த்தே நடத்த முடியுமா? இல்லை, கலைத்துவிடலாமா?

க.

அன்புள்ள க.,

கலைக்க வேண்டாம். ஆனால் இரண்டில் ஒன்றை இந்த வாரமே மூடுங்கள். ஒன்பது பேரை இரண்டாகப் பிரித்தால் ஐந்தும் நாலும். நாலு பேரில் ஒருவருக்கு ஷிஃப்ட், இன்னொருவர் வீட்டில் விசேஷம் என்றால் அங்கே அன்று காட்சியே இல்லை. ஒரு வாரம் சும்மா நின்றுவிட்டுப் போனவர் அடுத்த வாரம் நேரத்துக்கு வரமாட்டார். அதற்கடுத்த வாரம் வரவே மாட்டார்.

அந்த ஐந்து பேர் ஏன் போனார்கள் என்று முதலில் பார்க்கலாம். கதை பிடிக்காமல் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபைவ்எம்மில் அவர்கள் வாயால் நடித்தார்கள். அருகில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மைக். கிசுகிசு, சாதாரணம், கூச்சல் என்று மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான். கோவைத் தமிழில் ஒரு மெக்கானிக் பில்லுக்குப் பேரம் பேசுகிறார் என்றால் அந்தக் குரல்தான் கேரக்டர். வார்கிராஃப்டில் அதே ஆளிடம் கீபோர்டைக் கொடுத்து, ஒரு வரிக்கு 255 எழுத்துதான், தங்கிலீஷில் தட்டு என்கிறீர்கள். அவருடைய கேரக்டரில் பாதி அங்கேயே போய்விட்டது. போதாக்குறைக்கு, ஜி.டி.ஏ.வை ஒருமுறை வாங்கினால் போதும். வார்கிராஃப்டுக்கு மாதச் சந்தா. இலவசக் கணக்கு 20-ஆம் லெவலோடு நின்றுவிடும், கில்டிலும் (ஆடுபவர்களின் சங்கம்) சேர முடியாது. ஃபைனல் ஃபேண்டஸியின் இலவசக் கணக்கும் இப்படித்தான்: தனிச்செய்தி அனுப்ப முடியாது, பார்ட்டி (சேர்ந்து ஆடும் சிறு குழு) அமைக்க முடியாது, ஃப்ரீ கம்பெனி என்கிற அங்குள்ள கில்டில் சேர முடியாது. அதில் வருகிறவர் காட்சியில் கைகட்டி நிற்பவராகிவிடுவார்.

எழுத்து ஆர்.பி.யின் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் படித்து, யோசித்து, ஒரு எமோட்டும் (செய்கையைச் சொல்லும் வரி) இரண்டு வரி வசனமும் தட்ட மூன்று நிமிடம் என்று வையுங்கள். சாராயக்கடை மேசையைச் சுற்றி ஆறு பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 18 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் ஏழு சுற்றுகூட முடியாது. வாயால் பேசிப் பழகியவருக்கு இது மின்சாரம் போன வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல. இதற்கு மஷ் என்கிற பழைய எழுத்து விளையாட்டுகளில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: வரிசைக்காகக் காத்திருக்காதே, உனக்குப் பிறகு மூன்று பேர் எழுதிவிட்டால் நீ மறுபடி எழுதலாம். இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி அலுப்பு குறையும். ஒரு மேசைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரவிடாதீர்கள். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவரைக் கதைக்குள்ளேயே ஏதாவது வேலை சொல்லி வெளியே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இரண்டு காட்சி ஆகிவிடும்.

ஆகவே அடுத்த கேமைத் தேர்ந்தெடுக்கும்போது கிராஃபிக்ஸையும் உலகத்தையும் அப்புறம் பாருங்கள்; வாயா விரலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் குழு குரல் குழு. உங்களுக்குப் பக்கத்து வீடு ரெட்எம். ஃபைவ்எம்மை உருவாக்கிய அதே ஆட்கள் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்காகச் செய்தது. 2023 ஆகஸ்டில், இந்த இரண்டு கேமையும் தயாரித்த ராக்ஸ்டார் அந்தக் குழுவையே வாங்கிக்கொண்டது. சர்வர் நிர்வாகமும் கிட்டத்தட்ட அதே முறை. டேஇசட் என்ற கேமிலும் அருகில் நிற்பவருக்குக் கேட்கும் குரல் உண்டு. அல்லது ஃபைவ்எம்முக்கே திரும்புங்கள், இந்த முறை சொந்த சர்வரோடு. வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டஸி, கில்ட் வார்ஸ் 2, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் எல்லாம் எழுதுகிறவர்களின் ஊர். அங்கே டிஸ்கார்ட் குரலை வைத்து ஒப்பேற்றலாமே என்பீர்கள். முடியும். ஆனால் அதில் தூரம் கிடையாது. பக்கத்து அறையில் ரகசியம் பேசுகிறவரை எல்லோரும் கேட்டுக்கொண்டு, கேட்காததுபோல நடிக்க வேண்டும். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் மெட்டாகேமிங் (கேரக்டருக்குத் தெரியாததை ஆடுபவர் பயன்படுத்துவது) என்று சண்டை பிடிப்பார்.

அடிதடிக்கு வருவோம். ஜி.டி.ஏ.வில் யார் முதலில் சுட்டார், யார் குறி தவறினார் என்பதை கேமே தீர்த்துவிடும். வார்கிராஃப்டில் உங்கள் வக்கீலும் ஒரு போலீஸும் டூயல் (ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை) போடலாம். அதில் ஜெயிப்பது லெவலும் கியரும்தான் (ஆயுதம், கவசம்), கதை அல்ல. அதனால்தான் அங்கே ரோல் கட்டளையால் பகடைபோல எண் போடுகிறார்கள். ஃபைனல் ஃபேண்டஸியில் அதே வேலைக்கு ரேண்டம் கட்டளை. எந்த கேமுக்குப் போனாலும் மாறாத ஒரு விதியை எழுதி வையுங்கள். நான் சொல்வது இது: இருவரும் 1 முதல் 20 வரை போடுங்கள், பெரிய எண் ஜெயம், சமமானால் இருவர் முயற்சியும் வீண். தோற்றவருக்கு என்ன காயம், எவ்வளவு நாள் என்பதைத் தோற்றவரே சொல்ல வேண்டும். கடைசி விதி இல்லாவிட்டால் தோற்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

உங்கள் முக்கியமான கேள்வி, அதே கேரக்டர்களைக் கொண்டுபோகலாமா என்பது. ஆளைக் கொண்டுபோங்கள், தொழிலை விட்டுவிடுங்கள். ஜி.டி.ஏ.வின் லாஸ் சாண்டோஸ் நகரத்தில் வக்கீலுக்கு மரியாதை எங்கிருந்து வந்தது? போலீஸ் விலங்கு மாட்ட ஒரு ஸ்கிரிப்ட் (சர்வரில் சேர்க்கும் சிறு நிரல்), சிறையில் நிமிடம் எண்ண ஒரு ஸ்கிரிப்ட், அபராதம் போட ஒரு பில்லிங் ஸ்கிரிப்ட். உள்ளே 20 நிமிடம் சும்மா கிடக்கப் பயந்துதான் உங்களுக்கு ஃபோன் வந்தது. வார்கிராஃப்டின் ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் யாரையும் 20 நிமிடம் அடைத்துவைக்க வழியில்லை. வக்கீலுக்கு அங்கே என்ன வேலை? ஒவ்வொருவரும் தன் கேரக்டருக்கு மூன்று வரி எழுதட்டும்: இவனுக்கு என்ன வேண்டும், யாருக்குப் பயம், யாருக்குக் கடன். புதிய உலகத்தில் அந்த மூன்றையும் தாங்குகிற பிழைப்பு எதுவோ அதைக் கொடுங்கள். வக்கீல் வணிகருக்கும் காவலருக்கும் நடுவே ஒப்பந்தம் எழுதுகிற தரகராகலாம். பழைய பேச்சும் பழைய பகையும் தொடரும். "நான் லாஸ் சாண்டோஸில் இருந்தபோது" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்கக் கூடாது. புதிதாகச் சேர்கிறவரை அந்த ஒரு வாக்கியம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

சர்வர் ஓனர் மூடிவிட்டுப் போய்விட்டார் என்றீர்கள். ஃபைவ்எம்மில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தடுக்கலாம். கேரக்டர், பணம், வண்டி எல்லாம் ஒரு மைசீக்வல் தரவுத்தளத்தில் இருக்கும். சர்வரை ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸ் கீ ஒருவருடைய கணக்கில். காசு கொடுத்து வாங்கிய ஸ்கிரிப்ட்களோ வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டவை. ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து இன்னொருவர் கீயில் ஓட்டினால், உரிமை இல்லை என்று சொல்லி அவை ஏற மறுக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள், அதில் பாதி ஓடாது. எனவே முக்கியமான ஸ்கிரிப்ட்கள் திறந்த மூலமாக (யாரும் எடுத்து ஓட்டக்கூடியதாக) இருக்கட்டும், சர்வருக்கு அடித்தளமான இ.எஸ்.எக்ஸ்., கியூபிகோர் இரண்டும் அப்படிக் கிடைப்பவைதான். காசு கொடுத்து வாங்குவதைக் குழுவுக்கென்று திறந்த ஒரு பொதுக் கணக்கில் வாங்குங்கள், அதன் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை தரவுத்தள நகல், அதுவும் இருவரிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, உங்கள் வக்கீல் எழுந்து நடக்கிறாரா என்று பாருங்கள். வாடகையை மாதாமாதம் எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவரே கட்டினால் அவருக்கு அலுத்த அன்று சர்வருக்கும் அலுத்துவிடும்.

கம்பெனி நடத்தும் கேம்களில் ஆபத்து வேறு மாதிரி. கில்ட் வார்ஸ் 2-இல் டார்னிஷ்டு கோஸ்ட், பைக்கன் ஸ்கொயர் ஆகிய சர்வர்களில் ஆர்.பி. ஆட்கள் கூடியிருந்தார்கள். 2014 ஏப்ரலில் மெகாசர்வர் (எல்லா சர்வர் ஆட்களையும் ஒன்றாகக் கலக்கும் முறை) வந்ததும் ஒரே ஊருக்குப் பல பிரதிகள் ஆயின. ஒரே சாராயக்கடைக்கு வந்தவர்கள் வெவ்வேறு பிரதியில் தனித்தனியாக நின்றார்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற கேமை மூடப்போவதாக 2012 ஆகஸ்ட் 31-இல் சொன்னார்கள், நவம்பர் 30-இல் மூடினார்கள். மூன்று மாதம். பின்னால் ரசிகர்கள் ஹோம்கமிங் என்ற பெயரில் அதை உயிர்ப்பித்து, 2024 ஜனவரியில் முறைப்படி உரிமமும் பெற்றார்கள். ஆனால் பழைய கேரக்டர்கள் வரவில்லை, ஒவ்வொருவரும் முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. பெயரையும் பின்கதையையும் வெளியே எழுதி வைத்திருந்தவருக்கு அது ஒரு சாயங்கால வேலை. பிரதிச் சிக்கலுக்கு வழி சுலபம்: எல்லோரும் ஒரே பார்ட்டியில் சேர்ந்து தலைவர் நிற்கும் பிரதிக்குள் போக வேண்டும், காட்சி முடியும்வரை பார்ட்டியைக் கலைக்கக் கூடாது. ஃபைனல் ஃபேண்டஸியில் உங்கள் நால்வருக்கு வீடு இருந்தால் அதையும் கவனியுங்கள். 45 நாள் உரிமையுள்ள யாரும் உள்ளே போகாவிட்டால் வீடு இடிக்கப்படும்.

நேரத்துக்கு வாக்கெடுப்பு வைக்காதீர்கள். சனிக்கிழமை இந்திய நேரம் இரவு 9 என்றால் துபாயில் 7:30, சிங்கப்பூரில் 11:30, டொராண்டோவில் கோடையில் காலை 11:30, குளிர்காலத்தில் 10:30. சிங்கப்பூர்க்காரருக்கு இரண்டு மணி நேரம்தான் தாங்கும், அதனால் 11 மணிக்கு முடித்துவிடுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் டொராண்டோ கடிகாரம் மாறும். அந்த வாரங்களில்தான் ஆள் தவறுவார். டிஸ்கார்டில் நேரக்குறியாகப் போட்டால் அவரவர் ஊர் நேரத்தில் காட்டும். நாலு பேர் வந்தால் 9:10-க்குத் தொடங்கிவிடுங்கள், அழைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பி.கு.: வார்கிராஃப்டை மூடுவதென்று முடிவானால், போவதற்கு முன் இரண்டு வேலை. டோட்டல் ஆர்.பி. 3 என்ற ஆட்ஆனில் (கேமோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதிய கேரக்டர் குறிப்புகள் உங்கள் கம்ப்யூட்டரில் சேவ்டு வேரியபிள்ஸ் என்ற ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் போய்விடும், காப்பி எடுங்கள். லாக்அவுட் செய்யும்போதோ ரீலோட் செய்யும்போதோதான் அவை எழுதப்படும், நடுவில் கேம் கிராஷ் ஆனால் அன்று எழுதியது இல்லை. இன்னொன்று, கடைசிச் சனிக்கிழமை உள்ளே நுழைந்ததும், உரையாடலைக் கோப்பில் சேமிக்கும் சாட்லாக் கட்டளையைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதைப் புதிதாகப் போட வேண்டும்.