கொடியா, கொடை நோட்டீஸா?

கேள்வி: செங்கோட்டைக்கு என்று ஒரு கொடி வேண்டும் என நண்பர்கள் சேர்ந்து வரைந்திருக்கிறோம். மலை, அருவி, குண்டாறு அணை, பதிமூன்று கண் பாலத்தில் ரயில், வாஞ்சிநாதன், கீழே ஊர்ப்பெயர் எல்லாம் உண்டு. எப்படி இருக்கிறது?
(ஒரு வாசகர், செங்கோட்டை)

பதில்: படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது கொடி இல்லை, கோயில் கொடை நோட்டீஸ். வில், புலி, மீன் என்று ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள் மூவேந்தர். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் இருந்த திருவிதாங்கூருக்கும் சிவப்புத் துணியில் ஒரு வெள்ளைச் சங்குதான். நீங்கள் ஆறு விஷயம் கேட்கிறீர்கள். அதிலும் அந்தப் பாலம் கழுதுருட்டியில் இருக்கிறது, கேரளக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒரு தீப்பெட்டியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மூன்றடி உயரக் கொடி ஐம்பதடி தள்ளிப் பறந்தால் கண்ணுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும், அந்த அளவில் வாஞ்சியின் மீசை எங்கே, அணையின் மதகு எங்கே? அவருக்குத்தான் ஊரில் மணிமண்டபம் இருக்கிறதே. அப்புறம் எழுத்து. மெல்லிய துணியில் அச்சடித்தால் பின்பக்கம் நின்று பார்ப்பவருக்கு ஊர்ப்பெயர் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறித் தெரியும், பெயரை எழுதித்தான் ஊரைச் சொல்ல வேண்டும் என்றால் கொடி எதற்கு, போர்டு போதுமே. அமெரிக்காவில் பொக்கடெல்லோ என்ற ஊர் கொடியில் வாசகம் எழுதி, பக்கத்தில் டிரேட்மார்க் குறியும் போட்டது. 2004-ல் 150 நகரக் கொடிகளை வைத்து நடந்த வாக்கெடுப்பில் அதற்குத்தான் கடைசி இடம். 2017-ல் மாற்றிவிட்டார்கள். சிகாகோ கொடியில் வெள்ளைத் துணி, இரண்டு வெளிர்நீலப் பட்டை, நடுவில் நான்கு சிவப்பு நட்சத்திரம், அவ்வளவே. 1917-ல் இரண்டு நட்சத்திரம்தான், 1933-லும் 1939-லும் ஒவ்வொன்று சேர்ந்தது, ஆனாலும் கொடி கெடவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பச்சையே குத்திக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றில் கொடி ஒன்று படபடவென்று அடித்து ஓரம் கிழியும், இல்லையென்றால் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். அப்போதும் வெளியே தெரிவது கம்பத்தை ஒட்டிய மேல்மூலைதான், முக்கியமானதை அங்கே வையுங்கள். நிறம் இரண்டு, மிஞ்சினால் மூன்று, அதுவும் வெளுத்தாலும் ஒன்றோடொன்று குழம்பாத நிறங்கள். கறுப்பு சிவப்புக் கொடி காற்றில்லாமல் தொங்கினாலும் யாருடையது என்று ஆட்டோவில் போகிறவருக்குத் தெரிகிறதல்லவா, அந்தத் தெளிவு வேண்டும். ஆனால் கட்சிக்காரர்கள் எடுத்த ஜோடியைத் தொடாதீர்கள். முழுச் சிவப்பு வைத்தால் புளியரை தாண்டி வருகிற லாரிக்காரர் இங்கே ஏதோ மாநாடு என்று நினைத்துக்கொள்வார்.

என்னைக் கேட்டால் பச்சைத் துணியில் மேல்மூலையில் கணவாயை மட்டும் ஒரே வெள்ளை வளைவாகப் போடுவேன். சங்குதான் வேண்டும் என்று உங்கள் தாத்தா யாராவது சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டில் ஒன்று. அடுத்த வரைவைத் தீப்பெட்டி அளவில் அனுப்புங்கள், பெரிதாக அனுப்பினால் பார்க்க மாட்டேன்.