வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவை நாமே நிரப்பினால் பணம் மிச்சமாகுமா? சிங்கப்பூரில் அது முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: முடியாது. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். வீவக வீட்டின் ஓர் அறையில் வெடிமருந்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய பொழுதுபோக்கு அல்ல இது. தேசியச் சேவையில் சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன், சிதறிக் கிடக்கும் பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கி ஒப்படைத்துவிட்டு, தோட்டாவோ வெற்றுக் கூடோ தம்மிடம் இல்லை என்று உரக்க அறிவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வேட்டைக்குச் சென்று திரும்பும்போது நினைவுப் பொருளாக ஒரு கூட்டைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

முதல் கேள்விக்கு என் மச்சானின் பட்டறையை முன்வைத்துப் பதில் சொல்கிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வசிக்கும் அவர், உரிமத்துடன் செம்மான் வேட்டைக்குச் செல்பவர். தம் பாயிண்ட் 308 (0.308 அங்குல விட்டமுள்ள குண்டைச் சுடும்) துப்பாக்கிக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்புகிறார். தோட்டா என்பது பித்தளைக் கூடு, தட்டியதும் தீப்பற்றி மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுட்டபின் மிஞ்சும் கூடுதான் இவற்றில் விலை கூடியது. அதையே பலமுறை பயன்படுத்தலாம் என்பதால்தான் மிச்சம் என்ற எண்ணமே பிறக்கிறது. ஆனால் கூட்டை அழுத்தும் பிரஸ், அதற்கு வடிவம் கொடுக்கும் டை, தராசு ஆகியவற்றுக்கு முதலில் கொட்டும் பணத்தையும், மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடுதலாகச் சுட்டுத் தீர்ப்பதையும் கணக்கில் சேர்த்தால், ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெட்டி மட்டுமே சுடும் வேட்டைக்காரருக்கு எதுவும் மிஞ்சாது என்பது என் கருத்து. மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. சுடும்போது எழும் அழுத்தத்தில் கூடு விரிந்து, அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்கு அச்செடுத்ததுபோல் பொருந்திவிடுகிறது. குண்டைப் பிடித்திருக்கும் அதன் கழுத்தை மட்டும் அளவாகச் சுருக்கி, குண்டு குழலின் உட்புறத் திருகு வரிகளைத் தொடுமுன் எவ்வளவு தூரம் பாய வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்து நிரப்பும்போது, தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொதுவானதாக இல்லாமல் அந்த ஒரு குழலுக்கே உரியதாகிறது. மருந்தை கிரெய்ன் என்னும் அளவில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம், அதாவது நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. மச்சான் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, தராசுத் தட்டில் மருந்தைச் சிட்டிகையால் தட்டித் தட்டி விடுவார். அப்போது வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

இந்த நுணுக்கம் ஆபத்துக்கும் காரணம். வெடிமருந்து வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் எரியும் வேகம் வேறு வேறு என்பதால், மேசைமேல் ஒரே ஒரு டப்பாவைத்தான் வைக்க வேண்டும். உற்பத்தியாளர் கையேடு தரும் தொடக்க அளவிலிருந்து படிப்படியாகவே ஏற வேண்டும். இணையத்தில் யாரோ எழுதிய அளவை நம்பக்கூடாது. அறையை மூடும் போல்ட் இறுகித் திறக்க மறுத்தாலோ பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால், பித்தளை உள்ளே மெலிந்து அறுந்துபோகும் நிலையில் இருக்கிறது. அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

நூறு மீட்டரில் நிற்கும் மானுக்கு இவ்வளவு துல்லியம் தேவையா என்றால், தேவையில்லை. கடையில் வாங்கும் நல்ல தோட்டாவே போதும். சரியான குண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்கே முக்கியம். எலும்பில் பட்டுச் சிதறாமல் விரிந்து உள்ளே செல்லும் குண்டே விலங்கை விரைவாக வீழ்த்தும். முழுச் செம்புக் குண்டாக இருந்தால் இறைச்சியில் ஈயத் துணுக்கும் கலக்காது.

குழலுக்கேற்ற தோட்டாவைத் தேடும் ஆர்வம்தான் உங்களுடையது என்றால், அதற்கு இங்கேயே வழி உண்டு. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூர் வீராங்கனை மார்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றாரே, அந்தப் பிரிவில் பயன்படுவது பாயிண்ட் 22 தோட்டா. வெடிப்பூட்டும் கலவை கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதாலும், சுடும்போது அந்த விளிம்பே நசுங்கிவிடுவதாலும் அதை மறுபடி நிரப்ப இயலாது. அதனால் போட்டியாளர்கள் ஒரே தயாரிப்பின் வெவ்வேறு தொகுதிகளைத் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, துளைகள் மிக நெருக்கமாக விழும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பெட்டிகளையே மொத்தமாக வாங்குகிறார்கள். உரிமம் பெற்ற சுடுதல் சங்கம் ஒன்றில் சேர்ந்து, அங்குள்ள பயிற்றுநரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.