புல்லிடம் தோற்ற சிலந்தி

கேள்வி: சிலந்தியைக் கண்டால் நாம் விளக்குமாற்றைத் தேடுகிறோம். வெளிநாட்டில் ஒரு சிலந்திக்கு விலங்குக் காட்சிசாலையில் வைத்துப் பிரசவம் பார்த்தார்களாமே! அப்படி என்ன அதிசயப் பிறவி?
— வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: டெசர்ட்டாஸ் ஓநாய்ச் சிலந்தியைக் கேட்கிறீர்கள். போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மதீராவுக்கு அருகே டெசர்ட்டா கிராண்டே என்றொரு வறண்ட தீவு. அதன் வடகோடிப் பள்ளத்தாக்கை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. உடல் மட்டுமே சுமார் 4 செ.மீ.; காலை விரித்தால் உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். கறுப்புக் கால்களில் வெள்ளைப் புள்ளிகள். வலை பின்னிக் காத்திருக்கும் பொறுமையெல்லாம் இதற்கு இல்லை, பாய்ந்து பிடிக்கும். வண்டு, மரவட்டை, சமயத்தில் பல்லிக்குஞ்சுகூடத் தப்பாது. நம் நெல்வயலில் புகையான் பூச்சியைத் தின்கிறதே ஓநாய்ச் சிலந்தி, அந்தக் குடும்பம்தான்.

இப்பேர்ப்பட்ட வேட்டைக்காரியைக் கவிழ்த்தது எது தெரியுமா? புல்! தீவில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட முயல்கள் செடிகொடிகளை மொட்டையடிக்கின்றன என்று 1996இல் அவற்றை ஒழித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வெளியிலிருந்து வந்த ஒரு புல்லினத்தை மேய்ந்து மேய்ந்து அடக்கி வைத்திருந்தவையும் அதே முயல்கள்தான். அவை போனதும் புல் மண்டிவிட்டது. இந்தச் சிலந்தி கல்லுக்கு அடியிலும் மண் வெடிப்பிலும் பதுங்கி வாழ்வது. புல் கற்களைச் சுற்றி வளர்ந்து வாசலையே அடைத்துவிட்டால் எங்கே போகும்?

2016இல் சில சிலந்திகளை இங்கிலாந்தின் பிரிஸ்டல் காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள். பிரசவம் என்பது உங்கள் குறும்பு. தாய் முட்டைப் பையைப் பின்புறம் ஒட்டிக்கொண்டே திரியும், பொரிந்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்ததும் பாசமெல்லாம் போய்விடும். ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். குஞ்சுகளைப் படம் எடுத்துப் போடுவது பத்திரிகைகளுக்கு இனிக்கிறது. என்னைக் கேட்டால், பள்ளத்தாக்கில் புல்லோடு மல்லுக்கட்டுகிறவர்களின் வேலைதான் பெரிது. புல் ஒழியாமல் குஞ்சுகளைக் கொண்டுபோய் எங்கே விடுவது?

கேள்வி: அது கடித்தால் ஆள் பிழைப்பானா?
— வாசகர் ஒருவர், ஆம்பூர்

பதில்: விஷம் உண்டு, ஆளைக் கொல்லும் விஷமல்ல, வலிக்கும். அந்தத் தீவு இயற்கைக் காப்பகம். காவலர்களைத் தவிர அங்கே குடியிருப்போர் இல்லை, நினைத்தவுடன் இறங்கவும் முடியாது. கடி வாங்குவதற்கே அனுமதி வாங்க வேண்டும், ஐயா!